பிளக் தேய்த்த பிரஷ்

மகன்,

நீ வதனியின் வாயில் குத்தினாய். கையை விரித்து அறையவில்லை, விரல்களை மடக்கிக் குத்தினாய். பல்லில் கம்பி போட்டிருக்கிறாள் என்று தெரிந்தும், கம்பி இருக்கிற இடம் பார்த்துக் குத்தினாய். அவள் உன் பெண்சாதி. நின்றது அவளுடைய பெயரில் எழுதிய வீட்டு வளவில், அவளுடைய கிணற்றடியில். வெயில் ஏறிய காலை நேரம், நீ ஒரு சொட்டும் குடித்திருக்கவில்லை. அவள் செய்ததெல்லாம், தான் பல் தீட்டுகிற பிரஷைப் பற்றி உன்னிடம் ஒரு சொல் கேட்டதுதான். பிறகு அவள் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று சொன்னாய். நடந்தது இவ்வளவும். இதன்மேல் யாரும் எதையும் பூசி மெழுகக் கூடாது என்பதற்காக முதலிலேயே எழுதி வைக்கிறேன்.

இந்தக் கடிதத்தை நான் உறையில் போட்டு ஒட்டவில்லை. கொண்டுவந்து தருகிற உன் தங்கச்சி வாசித்துவிட்டாள். வழியில் மறித்துக் கேட்கிறவர்களுக்கும் காட்டச் சொல்லியிருக்கிறேன். உன் பொய் கல்லடி ஊர் முழுக்கத் திறந்துகொண்டு திரிகிறபோது மெய் மட்டும் எதற்கு ஒளிந்து போக வேண்டும்? இதை அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தது யார் என்று நீ தேடுவாய். தேடாதே. அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். மற்றதெல்லாம் சாமான் சுற்றி வந்த பேப்பரிலும், நீயும் தங்கச்சியும் எறிந்த பாடப் புத்தகங்களிலும் நானாகப் பிடித்தது. எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும். சொல்ல வந்தது கோணல் இல்லை.

அன்றைக்கு நான் இறால் கொண்டு வந்தேன். படலையைத் திறக்கக் கை வைத்தபோதே உங்கள் இரண்டு பேரின் கதையும் கேட்டது. நீ தோணி எஞ்சினைக் கழற்றிச் சாக்கில் பரப்பி வைத்துக்கொண்டு அதன் ஸ்பார்க் பிளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். உன் கையில் இருந்தது அவளுடைய பிரஷ். உன்னுடையது கிணற்றுக் கட்டில், தேய்ந்த விளக்குமாறு மாதிரி நார் விரிந்து கிடந்தது. அது கிடக்க, நீ அவளுடையதை எடுத்திருக்கிறாய்.

"இஞ்ச பாருங்க, அது என்ட வாய்க்குள்ள போற பிரஷ். உங்கட பழசு அங்க கிடக்குதே" என்றாள் அவள்.

"இது சின்னத் தலை. பிளக்குக்குள்ள வடிவாப் போகுது. நீ வேற ஒண்டு வாங்கு."

"அப்ப அந்தப் பிளக்கையும் வாய்க்குள்ள வச்சு ஒருக்காத் தீட்டிப் பாருங்களன். நல்லா ஸ்டார்ட் எடுப்பீங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கையால் வாயைப் பொத்தாமல் சிரித்தாள். நீ எழும்பின வேகத்தில் சாக்கோடு சாமான்கள் இழுபட்டன. அடி விழுந்த சத்தம், நண்டை அம்மியில் வைத்துத் தட்டினால் வருகிற சத்தம். அவள் கத்தவில்லை. கத்த வாய் திறந்தால்தானே. கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள், இரத்தம் நூலாக இறங்கி வாளித் தண்ணீருக்குள் விழுந்தது. நீ திரும்ப இருந்து பிளக்கைத் தேய்க்கத் தொடங்கினாய். அதற்குப் பிறகுதான் என்னைக் கண்டாய். கண்டவுடன், "அம்மா, இவள் வழுக்கி விழுந்திட்டாள்" என்றாய். இறால் பையைக் கீழே வைத்துவிட்டு உன் கன்னத்தில் நான் அறைந்தது அதற்குத்தான். இன்னொரு கை இருந்திருந்தால் அதாலும் அறைந்திருப்பேன். மற்றக் கையால் அவளைப் பிடித்திருந்தேன்.

அவள் முகத்தை நிமிர்த்திப் பார்த்தேன். அவளுடைய மேலுதடு பல்லோடு ஒட்டிக் கிடந்தது. வீங்கி ஒட்டியதில்லை. பல்லில் ஒட்டியிருக்கிற சின்ன இரும்புக் கொக்கிகள் உதட்டுக்குள் இறங்கி, சட்டையில் பொத்தான் பூட்டினது மாதிரிப் பூட்டிக்கொண்டிருந்தன. ஒரு கொக்கி கழன்று நாக்குக்குக் கீழே கிடந்தது. அறுந்த கம்பியின் முனை கன்னத்துக்குள் குத்தி நின்றது. மூச்சை மூக்கால் இழுத்து இழுத்து விட்டாள். கண் மட்டும் என்னைப் பார்த்தது.

உனக்கு இந்த நோவு தெரியாது என்று நான் விடப்போவதில்லை. தெரியும். நீ சின்னவனாக இருந்தபோது கதிரவெளியில் உன் அப்பாவின் வாடிக் குடிசைக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அப்பா தூண்டில் வீசுகிறபோது நீ பின்னால் ஓடி வந்தாய். பின்னுக்கு இழுத்த தூண்டில் முள் உன் மேலுதட்டில் ஏறிவிட்டது. தூண்டில் முள்ளில் எதிர்முள் உண்டு. வந்த வழியே இழுத்தால் சதையைக் கொண்டு வரும். அதனால் முன்னுக்குத் தள்ளி, மறுபக்கம் முனையை வெளியே எடுத்து, குறட்டால் எதிர்முள்ளை வெட்டிவிட்டுத்தான் உருவ வேண்டும். உன் தலையை என் முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்தவள் நான். உன் வாய் இரத்தம் என் சீலையில் முழங்கால் வரை ஊறியது. அப்பா தள்ளத் தள்ள நீ என் தொடையைக் கடித்தாய். அந்தப் பல்லடையாளம் இன்னும் என்னிடத்தில் இருக்கிறது, உன் தழும்பு உன் மீசைக்குள் இருக்கிறது. அது தவறுதலாக நடந்தது. அப்படியிருந்தும் அப்பா பிறகு கனகாலம் தூண்டில் தொடவில்லை, வலையோடு நின்றுகொண்டார். நீ வேண்டுமென்று செய்துவிட்டு, அடுத்த நாள் அதே எஞ்சினைப் பூட்டிக் கடலுக்குப் போனாய்.

பாலத்தைத் தாண்டி டவுனுக்கு ஓட்டோவில் கொண்டுபோனேன். பல் டொக்டர் ஒரு பெண்பிள்ளை. விறைக்க ஊசி போட்டு, உதட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, ஒவ்வொரு கொக்கியிலிருந்தும் கழற்றினாள். விறைத்த பிறகும் வதனியின் கால் விரல்கள் சுருண்டன. உள்ளே தையல். அறுந்த கம்பியை வெட்டினாள். உதடு ஆறினதும், வருகிற வெள்ளிக்கிழமை வந்தால், கழன்ற கொக்கியைத் திரும்ப ஒட்டிப் புதுக் கம்பி போடலாம் என்றாள். பிறகு, "எப்பிடி நடந்தது?" என்று கேட்டாள். வதனி என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன், "என்ட மகன் அடிச்சவன்." டொக்டர் என் முகத்தை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது என்று நீ நினைக்க வேண்டாம். வெட்கம் உன்னுடையது, அதை நான் சுமக்க மாட்டேன்.

வதனியை நான் இருக்கிற இடத்துக்கு, உன் தங்கச்சி வீட்டுக்குக் கூட்டி வந்தேன். வாயைக் காயத்தோடு அப்படியே விட்டால் சோறும் இரத்தமும் கம்பிக்குள் கிடந்து அழுகும், புண்ணும் பழுக்கும், பல் தீட்டாமல் மட்டும் விடக் கூடாது என்று டொக்டர் படித்துப் படித்துச் சொல்லிவிட்டாள். எனக்குத் தெரிந்த வைத்தியம் உமிக்கரி. வயல் வட்டையிலும் வேலை செய்கிற சனம் நாங்கள் எல்லோரும் அதில் பல் தீட்டி வளர்ந்தவர்கள். நன்றாக மாவாக்கி, உப்புச் சேர்த்து, விரலில் தொட்டு, கெட்டிக்காரி மாதிரி அவள் வாய்க்குள் விட்டேன். கரி கொக்கிகளைச் சுற்றி அடைத்துக்கொண்டது, தையலில் உப்பு ஏறி அவள் துள்ளினாள், கம்பி முனை என் விரலைக் கிழித்தது. ஒரே கோப்பையில் அவளும் நானும் இரத்தம் துப்பியும் கழுவியும் நின்றோம். கரி அப்பிய பல்லோடு, உதட்டை அசைக்காமல் அவள் சொன்னாள், "மாமி, உங்கட மகன் வெளியால அடிச்சார், நீங்க உள்ளால அடிக்கிறீங்க." சிரித்தால் தையல் இழுக்கும் என்று இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் இருந்தோம்.

அவளுடைய பிரஷில் உன் எஞ்சின் ஒயிலும் கரியும் ஏறியிருந்ததால் புதிது வாங்கப் பாமசிக்குப் போனேன். கம்பிக்குள் சிக்கினதை எடுக்க முரட்டு நார்தான் வேண்டும், அடிப்பிடித்த பானைக்குத் தேங்காய்த் தும்பு மாதிரி, என்று நினைத்து ஆகக் கடுமையானதை எடுத்தேன். பாமசிப் பிள்ளை விடவில்லை. "கம்பி போட்ட வாய்க்கு மிருதுவானதுதான் வேணும், அம்மா. கடுமையானது பல் முரசைக் கிழிக்கும், கொக்கியையும் அசைக்கும்" என்றாள். ஒன்றைத் திறந்து என் மணிக்கட்டின் உட்பக்கத்தில் தேய்த்துக் காட்டினாள். காலமெல்லாம் கிழிந்த வலை பொத்தின கை என்னுடையது, மெல்லிய தங்கூசி வலைநூலுக்கும் தடித்ததுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமலில்லை. வாய்க்கும் அதே கணக்கு உண்டு என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். தலை சின்னதாக இருக்க வேண்டும், கடைவாய் வரை போய்த் திரும்ப வேண்டும். நாரின் நடு வரிசை கட்டையாக, இரு பக்கமும் உயரமாக இருக்கிறது ஒன்று உண்டு. கம்பி அந்தப் பள்ளத்தில் இருக்க, நார் மேலும் கீழும் பல்லைத் தொடும். போத்தல் கழுவுகிற பிரஷை ஈர்க்கு அளவுக்குச் சுருக்கின மாதிரி இன்னொன்று, கம்பிக்குக் கீழே பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டு எடுக்க. இரண்டையும் வாங்கினேன்.

அந்தப் பிரஷை அவள் பிடிக்கிற விதத்தைச் சில நாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். நீ கலியாணம் முடித்த காலம் முழுக்க ஒரு தரமாவது பார்த்தாயா? முதலில் கம்பிக்கு மேலே, நாரை முரசுப் பக்கம் சரித்து, அழுத்தாமல் சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றுகிறாள். பிறகு கம்பிக்குக் கீழே, மேல்நோக்கிச் சரித்து. பிறகு உட்பக்கம், பிறகு கடிக்கிற பக்கம். கடைசியில் அந்த ஈர்க்குப் பிரஷ். சாப்பிட்ட ஒவ்வொரு தரமும் இதே வேலை. கம்பி உரசி நார் கெதியில் விரிந்துவிடும், விரிந்ததை வைத்திருக்கக் கூடாது. "எவ்வளவு நேரம் கண்ணாடிக்கு முன்னால நிக்கிறாய், ஆருக்குக் காட்ட?" என்று நீ கேட்பாயாம். அவள் படிப்பிக்கிற பாலர் பாடசாலைப் பிள்ளைகள் முதல் நாள் கம்பியைக் கண்டு பயந்து, மறுகா 'கம்பி டீச்சர்' என்று கூப்பிடத் தொடங்கினார்களாம். அவளுக்கு அது பிடித்துவிட்டது. சின்ன வயதிலிருந்து பல் ஏறி நின்றதற்காக வாயைப் பொத்திச் சிரித்த பிள்ளை. கம்பி போட்டுத்தான் கையை எடுத்தாள். உனக்கு அது பொறுக்கவில்லை. பிரஷுக்காக நீ அடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

அடுத்த அநியாயம் ஞாயிற்றுக்கிழமை நடந்தது. உன் பெரிய மாமா, என் கூடப்பிறந்த அண்ணன், இரண்டு பக்கத்து ஆட்களையும் கூட்டி விசாரித்தார். நல்லது என்று நினைத்தேன். முதலில் விசாரித்தது என்னை.

"வளந்த ஆம்பிளப் பிள்ளைக்கு, பெண்சாதிர வளவுக்குள்ள வச்சுக் கை நீட்டினது சரியா, சொல்லு கா?"

"இன்னும் நீட்டியிருக்க வேணும். ஒரு கைதான் சும்மா இருந்துது."

"பகிடி விடாத. அவன்ட மானம் என்னத்துக்கு ஆகும்?"

"அவள்ர வாயும் சொண்டும் என்னத்துக்கு ஆனது எண்டு கேட்டீங்களா அண்ணே?"

உன் கன்னத்தைப் பற்றி அவ்வளவு நேரம் கதைத்தார்கள். கன்னம் பழையபடிதான் இருந்தது. நீ தலையைக் குனிந்துகொண்டு, பாவம் மாதிரி இருந்தாய். கடைசியில் மாமா தீர்ப்புச் சொன்னார்: "கம்பி இல்லாட்டி இவ்வளவு கிழிஞ்சிருக்குமா? வெறும் வீக்கத்தோட போயிருக்கும். வெள்ளிக்கிழமை போய்க் கம்பியைக் கழட்டட்டும். சண்டையும் போயிரும்."

"அப்ப பல்லையும் புடுங்கிடுவம்" என்றேன். "பல்லு இல்லாட்டிக் கம்பி வேணாம், பிரஷ் வேணாம், கிழியவும் கிழியாது."

வதனி தகப்பன் இல்லாத பிள்ளை. அவள் தாய், என் சம்பந்தி, ஊர்வாய்க்குப் பயந்து ஓம் என்றாள். பாதியில் கழற்றினால் பல் பழைய இடத்துக்கே திரும்பிவிடும் என்று டொக்டர் சொன்னதை நான் எடுத்துச் சொன்னது ஒருத்தர் காதிலும் விழவில்லை. வீங்கின முகத்தை அயல் பார்க்கக் கூடாது என்று வதனியைக் கதிரவெளியில் அவள் சின்னம்மா வீட்டுக்குப் பஸ்ஸில் ஏற்றினார்கள். நீ அவளுடைய வீட்டில் கால் நீட்டிப் படுத்திருக்கிறாய்.

எங்கள் பகுதியில் எந்தக் காலத்தில் இப்படி நடந்தது? வீடு பெண்ணுக்கு, ஆண் அங்கே போய் இருக்கிறவன். என் வீட்டை உன் தங்கச்சிக்கு எழுதினோம், வதனியின் தாய் தன் வீட்டை வதனிக்கு எழுதினாள். அடித்தவனை வீட்டில் வைத்துவிட்டு வீட்டுக்காரியைப் பஸ்ஸில் ஏற்றுகிற வழக்கத்தை உன் மாமா எங்கிருந்து பிடித்தார்? உன் அப்பாவும் என்னை அடித்தவர்தான். ஒருதரம். வலை கிழிந்த கோபத்தில் இடது காதைப் பொத்தி அறைந்தார். நான் அவருடைய வீச்சு வலையையும் சாரங்களையும் படலைக்கு வெளியே எறிந்துவிட்டுப் படலையைக் கட்டினேன். அவர் அக்கா வீட்டுக்குப் போனார். அக்காக்காரி சோறு போட்டாள், ஒவ்வொரு சோற்றுக்கும் "எப்ப போய் மன்னிப்புக் கேக்கப் போறாய்?" என்று கேட்டாள். கடைசியில் அவருடைய மாமனே வெற்றிலைத் தட்டோடு முன்னால் வர, இவர் பின்னால் வந்தார். பிறகு சாகுமட்டும் கை ஓங்கவில்லை. இதை அவரே உங்களுக்குப் பகிடியாகச் சொல்லுவார், "உங்கட அம்மா என்னை வலையோட எறிஞ்சவ" என்று. நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். என் இடது காது அன்றைக்கு முதல் கேட்கிறதில்லை. அதை நீ கேட்டதில்லை. நீ எப்போதும் என் வலது பக்கத்தில் வந்து கதைக்கிறது ஏன் என்று யோசித்தும் பார்த்திருக்க மாட்டாய்.

பஸ் ஏறமுன் வதனி என் வலது பக்கம் வந்து, நூல் தெரிகிற உதட்டோடு, "மாமி, நான் கம்பி கழட்ட மாட்டன்" என்றாள். "கழட்ட விடமாட்டன்" என்றேன். எங்கள் கூட்டத்தின் தீர்ப்பு அதுதான். இனிச் செய்ய வேண்டியதை எழுதுகிறேன். இதில் கூட்டவும் குறைக்கவும் ஒன்றுமில்லை.

உன் தங்கச்சி இந்தக் கடிதத்தைத் தந்துவிட்டு அங்கேயே நிற்பாள். வீட்டைப் பூட்டுகிற திறப்பை அவள் கையில் கொடு. உன் சாரங்களை அவள் கட்டித் தருவாள். பொழுது சாய முன் நீ அந்த வளவை விட்டு வெளியேற வேண்டும். கடற்கரை வாடியில் படு. தங்கச்சி வீட்டில் உனக்குச் சோறு உண்டு, பாய் இல்லை.

பெரிய மாமா, ஞாயிற்றுக்கிழமை கூட்டின அதே ஆட்களைத் திரும்பக் கூட்டி, "அவள் வழுக்கி விழவில்லை, என் மருமகன் குத்தினான்" என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அவர் வரமாட்டேன் என்றால் நான் அவருடைய படலையில் நின்று சத்தமாகச் சொல்லுவேன். ஒரு காதுதான் பழுது, தொண்டை நன்றாக இருக்கிறது.

சம்பந்தி கதிரவெளிக்குப் போய் மகளைக் கூட்டிவந்து அவளுடைய வீட்டில் விட வேண்டும். அயல் பார்க்கட்டும். பார்க்கத்தான் வேண்டும்.

நான் வெள்ளிக்கிழமை வதனியோடு டவுனுக்குப் போவேன். கழற்றுவதற்குப் போகவில்லை, விழுந்த கொக்கியைத் திரும்ப ஒட்டுவதற்கு. கதவடியில் இருப்பேன். கழட்டு என்று சொல்ல வருகிறவர் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும்.

வதனி செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. பொலிசுக்குப் போவதா, உன்னைத் திரும்ப எடுப்பதா, படலையைக் கட்டியே வைப்பதா, அவளுடைய இஷ்டம். எது என்றாலும் சாட்சி நான்.

கடைசியாக நீ. அவளுக்கு நீ ஒரு பிரஷ் கொடுக்க வேண்டும், அவளுடையதைப் பழுதாக்கினவன் நீ. வேறு ஆளை விட்டு வாங்காதே. பாமசியில் நின்று, கம்பி போட்ட பல்லுக்கு, அடித்துக் கிழித்த வாய்க்கு என்று காரணத்தையும் சொல்லிக் கேள். ஒவ்வொரு வகையிலும் ஒன்று வாங்கி வாடிக்குக் கொண்டு போ. மீசையை வழித்துவிட்டு, அந்தத் தழும்பின் மேல் ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார். எந்த நார் உனக்கு அந்த இடத்தில் கூசவில்லையோ, அந்த வகையில் பிரிக்காத புதிது ஒன்றை வாங்கித் தங்கச்சியிடம் கொடுத்துவிடு. மற்றவை உன் பிளக்குக்கு. வதனி அதால் பல் தீட்டுவாளோ, அடுப்புக்குள் போடுவாளோ, நீ கேட்கக் கூடாது. அது அவளுடைய பிரஷ்.

அம்மா